கண்ணாடியின் எந்தப் பக்கம்

போன மாதம் அம்மா இறந்தபோது ஆய்வகத்திலிருந்து வந்தவர்கள் "பூதம் போயிருச்சே" என்றுதான் அழுதார்கள். பூதக்கண்ணாடியைக் கீழே வைக்காமலே பேசுவாள் என்பதால் வந்த பெயர். அம்மாவுக்கு அதில் வருத்தமே கிடையாது. "பூதத்துக்கு டீ எங்கய்யா?" என்று அவளே கேட்பாள்.

வேதியியல் படித்தவள். தடயவியல் துறைத் தேர்வுக்குத் தோழிக்குத் துணையாக விண்ணப்பம் போட்டு, தானும் எழுதிவைத்தாள். தோழி தேறவில்லை. அம்மா ஓய்வு பெறும்வரை கைரேகைப் பிரிவிலேயே இருந்தாள்.

"அந்தக் காலத்துல குத்தவாளியை அடையாளம் கண்டுபிடிக்க மண்டை, கை, காலெல்லாம் அளந்து எழுதுவாங்களாம்" என்பாள் அப்பாவிடம்.

"அது தையல்காரன் வேலை. உன்னோடது மை பூசுற வேலை. பெரிய முன்னேற்றம்தான்."

ஒரு வழக்கு. ஜன்னலை உடைத்து வீட்டில் திருட்டு. உடைந்த சில்லு ஒன்றில் கட்டைவிரல் ரேகை. அந்தத் தெருவில் ஜன்னல் துடைப்பவனுடையது. முந்தின நாள் வெளியே நின்று துடைத்ததாகவும், வீட்டுக்குள் கால் வைத்ததே இல்லை என்றும் அவன் சொன்னான். யாரும் நம்பவில்லை, உள்ளே போட்டார்கள்.

சில்லுகளை எடுத்து வந்தது அம்மா. எடுக்கும்போதே எது உள்பக்கம், எது வெளிப்பக்கம் என்று ஒட்டுச்சீட்டில் குறிக்க வேண்டும். அன்று வீடு முழுக்கக் கூட்டம், ஆளாளுக்குக் கேள்வி. இந்த ஒரு சில்லில் மட்டும் குறிக்க விட்டுப்போயிற்று. சாட்சி சொல்லப் போகும் காலையில்தான் அது கண்ணில் பட்டது. அதற்குள் இரண்டு பக்கமும் பொடி தூவி, ரேகையை ஒற்றி எடுத்தாகிவிட்டது. ரேகை வெளிப்பக்கம் என்றால் அவன் சொன்னது உண்மையாக இருக்கலாம், உள்பக்கம் என்றால் பொய்; இனி எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க வழியில்லை.

நீதிமன்ற வராந்தாவில் அரசு வக்கீலிடம் சொன்னாள்.

"அவங்க கேட்டா சொல்லுங்க மேடம். நீங்களா எதுக்கு வாயைக் குடுக்குறீங்க?"

எதிர்த்தரப்பு வக்கீல் புதியவர். அவருக்கு இதைக் கேட்கத் தோன்றாது என்பது அம்மாவுக்குத் தெரியும். குற்றவாளிக் கூண்டில் நின்ற ஜன்னல்காரன் மெலிந்திருந்தான்.

"ரேகை இவருடையதுதானே?" என்று கேட்டார் அரசு வக்கீல்.

"ஆமா. சந்தேகமே இல்ல. ஆனா கண்ணாடியோட உள்பக்கமா வெளிப்பக்கமான்னு என்னால சொல்ல முடியாது. குறிக்க மறந்துட்டேன்."

நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். "மறந்துட்டீங்களா?"

"ஆமாங்கய்யா. என் தப்பு."

அரசு வக்கீல் காகிதங்களைச் சத்தமாக அடுக்கினார். வேறு சாட்சியம் இல்லாததால் வழக்கு நிற்கவில்லை. அம்மாவுக்கு மெமோ வந்தது, பதவி உயர்வு தள்ளிப்போனது. "உனக்கு வாய் சும்மா இருக்காதே" என்றார் அப்பா. சாட்சி சொன்ன அன்று ராத்திரி அம்மா இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினாள்.

விடுதலையான அன்று அவன் மனைவியோடு ஆய்வக வாசலில் காத்திருந்தான்.

"மேடம், சத்தியமா நான் வெளியில நின்னுதான் தொடச்சேன்."

"இருக்கலாம்பா. எனக்குத் தெரியாது."

அவன் திகைத்துப்போனான். "இப்பக்கூட நம்ப மாட்டீங்களா?"

"நம்புறது என் வேலை இல்லப்பா. வீட்டுக்குப் போ. நல்லா சாப்பிடு, எலும்பா இருக்க."

முதலில் அவன் மனைவிதான் சிரித்தாள். பிறகு அவன். அம்மா டீ குடிக்க உள்ளே போனாள்.