கல்லறைகளுக்குப் பிறகு ஒரு நீச்சல்

எனக்கு நீச்சல் தெரியும் என்று நான் சொன்னது பொய். லிந்துலைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் வரலாறு படிப்பிக்கிறேன். டிசம்பர் லீவில் வெள்ளைக்காரப் பயணிகளுக்கு வழிகாட்டுகிற வேலை வந்தபோது பத்துக் கேள்வி கேட்டார்கள். ஒன்பதுக்கு உண்மையைச் சொன்னேன். பத்தாவதற்குத் தலையை மட்டும் ஆட்டிவைத்தேன்.

அது போர் வரலாற்றுச் சுற்றுலா. வந்தவர்கள் ஆணும் பெண்ணுமாகப் பன்னிரண்டு பேர், எல்லோருக்கும் அறுபதுக்கு மேல். அவர்களின் தலைவர் ஓய்வுபெற்ற பட்டாளத்துக்காரர். பஸ்ஸில் ஏறினாலும் தலையை எண்ணுவார், இறங்கினாலும் எண்ணுவார். உலகப் போருக்குப் போய் வந்த தேயிலைத் தோட்டத்துத் துரைமாரின் கல்லறை, போய்த் திரும்பாதவர்களின் நினைவுக் கல் என்று ஹட்டனிலிருந்து ராகலை வரை நான்கு நாள் அலைந்தோம்.

ஒவ்வொரு சாயங்காலமும் என் மனைவி வாசலில் வாளியோடு நிற்பாள். மயானத்துக்குப் போனவன் தலைக்கு ஊற்றாமல் வீட்டுக்குள் வரக்கூடாது. செத்து எண்பது வருஷமானவர்களுக்குத் தீட்டு ஏது என்று அந்தக் குளிரில் வாதாடிப் பார்த்தேன். அவள் வாளியை நீட்டினாள்.

கடைசி நாள் நிகழ்ச்சி, ஒரு தோட்டத்து ஏரியில் நீச்சல். வழிகாட்டி முதலில் இறங்கி, அக்கரை வரை முன்னால் நீந்திப் போக வேண்டுமாம். அடுத்த வருஷமும் என்னையே கூப்பிடுவதா என்பதை அதன் பிறகு சொல்வதாகத் தலைவர் காலையிலேயே அறிவித்துவிட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

முழங்கால் தண்ணீர் வரை போனேன். அதற்கு மேல் கால் வரவில்லை. பின்னால் பன்னிரண்டு பேரும் நீச்சல் உடுப்போடு ஒருவர் பின் ஒருவராக இறங்கி, குளிரில் பேச்சு மூச்சில்லாமல் நின்றார்கள். மேலே மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அதில் ஒருவர் என் வகுப்புப் பிள்ளையின் தாய்.

“சார், யாருங்க தவறிட்டாங்க?” என்றார்.

திரும்பிப் பார்த்தேன். பட்டப்பகலில் ஒரு கூட்டம் வாய் திறக்காமல் தண்ணீரில் இறங்கினால் நம் ஆட்களுக்கு வேறு என்ன தோன்றும்? குளிரில் எல்லார் முகமும் அழுகிற மாதிரிதான் இருந்தது. துரைமார்தான், நாலு நாளாக மயானத்துக்குத்தான் போய் வருகிறோம் என்றேன். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

“பொம்பளைங்களுமா போனாங்க?” என்று ஆச்சரியப்பட்டவர், பிறகு கொஞ்சம் கண்டிப்பாகவே சொன்னார்: “அப்ப தலைக்கு மூணு தடவ ஊத்திக்கிட்டு ஏறிருங்க சார். மயானத்துக்குப் போன ஒடம்போட தண்ணியில வெளையாடக் கூடாதுங்க.”

அந்தம்மா என்ன சொல்கிறார் என்று தலைவர் கேட்டார். குலதெய்வமே நேரில் வந்து சொன்ன மாதிரி இருந்தது எனக்கு. ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். கல்லறை பார்த்த பிறகு இங்கே யாரும் நீந்துவதில்லை என்று என் பங்குக்கும் ஒரு வரி சேர்த்தேன்.

தலைவர் மலையைப் பார்த்து நீச்சல் தொப்பியைக் கழற்றினார். பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு அடக்கமாக நின்றார்கள். பன்னிரண்டு பேரும் வரிசையாகக் குனிந்து, இரு கையாலும் தண்ணீர் அள்ளி மூன்று தடவை தலையில் ஊற்றிக்கொண்டார்கள். ஒரு வயதான அம்மா நிஜமாகவே அழுதுவிட்டார். எல்லாரையும் விட அதிக பக்தியோடு ஊற்றிக்கொண்டவன் நான்தான்.

கரையேறியதும் தலைவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷச் சுற்றுலாவில் இப்படி ஒரு முடிவு அமைந்ததில்லை என்றார். அடுத்த வருஷமும் நான்தான், அதற்கு அடுத்த வருஷமும் நான்தான் என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த மனிதர் என் பயத்துக்காகவா அந்தக் குளிரில் தலை குனிந்தார்? உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

“உங்களுக்கு நீந்தக் கிடைக்காமல் போனதுதான் எனக்கு வருத்தம்” என்றார் அவர். “அடுத்த முறை ஏரியை முதல் நாளே வைத்துவிடுவோம், கல்லறைகளுக்கு முன்னால்.”