நீர் மாத்திரையும் துறைமுக வரிசையும்

என் கணவருக்கு இதயம் பலவீனம். நெஞ்சில் நீர் கோத்து ஆஸ்பத்திரியில் கிடந்து, தேறி வீட்டுக்கு வந்தவர், ஒரே மாதத்தில் மறுபடி அதே வார்டில் ஆக்சிஜன் மாஸ்க்கோடு படுத்திருந்தார். "இன்னொரு தடவை இப்படி வந்தா எங்க கையில இல்லம்மா" என்று டாக்டர் சொல்லிவிட்டார். தினமும் காலையில், உடம்பில் சேரும் நீரை வெளியேற்றும் நீர் மாத்திரையை நானே எடுத்துக் கொடுத்தேனே, பிறகு எப்படி?

எப்படியோ பிழைத்துக்கொண்டார். டிஸ்சார்ஜ் அன்று நர்ஸ் மருந்துச் சீட்டைப் பார்த்து, காலைக்கு இது, இரவுக்கு இது என்று படிக்க ஆரம்பித்தார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"போன தபாவும் இதத்தான் படிச்சீங்க சிஸ்டர். இன்னா ஆச்சு? திரும்ப இங்கதான கீறாரு!"

திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சீட்டை மடித்து வைத்துவிட்டுக் கட்டிலோரம் உட்கார்ந்தார். "அண்ணா, காலையில எழுந்ததுல இருந்து என்ன செய்வீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க."

என் கணவர் டிரெய்லர் லாரி ஓட்டுகிறவர். கண்டெய்னரோடு துறைமுக வாசல் வரிசையில் நிற்பதுதான் அதில் பாதி வேலை. என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

"அந்த மாத்திர போட்டா அடிக்கடி ஒண்ணுக்கு வருது சிஸ்டர். லைன்ல நின்னுகினு எங்க எறங்கறது? எறங்கினா பின்னால கீறவன் முந்திகினு பூடுவான். அதான் நாக்குக்கு அடில வச்சிகினு வெளிய போய் துப்பிடுவேன்."

அங்கேயே நாலு அறை விட்டிருப்பேன். அழுகைதான் வந்தது.

நர்ஸ் போய் டாக்டரை அழைத்து வந்தார். வேலை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அந்த மாத்திரையைப் போட்டுக்கொள்ளச் சொன்னார் டாக்டர். கிளம்பும்போது நர்ஸ் அழுத்திச் சொன்னார்: "கால் வீங்கி செருப்பு இறுக்கினா மறுபடி நீர் கோக்குதுன்னு அர்த்தம், அன்னைக்கே வந்துடணும். மூச்சு திணறட்டும்னு காத்திருக்கக்கூடாது."

சில வாரம் கழித்து, டாக்டர் சரி என்றதும் என் கணவர் வேலைக்குப் போக ஆரம்பித்தார். அதன் பிறகு போன் அடித்தாலே எனக்குத் தூக்கிவாரிப்போடும். ஒரு நாள் மத்தியானம் அடித்தது. பின்னணியில் ஒரே ஹாரன் சத்தம்.

"செருப்பு இறுக்குதும்மே."

"வண்டி எங்க கீது?"

"கேட்டாண்ட. அடுத்தது நம்ம வண்டிதான்."

இத்தனை நேரம் காத்து நின்றவர் இனி எங்கே இறங்கப்போகிறார்? "யோவ், எறங்குய்யா" என்று கத்தினேன்.

"கத்தாத. சாவிய தோஸ்து கைல குட்த்துட்டு லைன வுட்டு வந்துட்டேன். ஆட்டோல கீறேன். நீ நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துடு."