விசில் அடிக்கக் கூடாத இடம்

தெற்கு பிரான்சில் கால்வாய் வழியாகக் கடல்வரை படகில் போகப்போகிறோம் என்று அண்ணன் மகள் போனில் சொன்னதும், வழக்கம்போல் நான் கால்வாய்களைப் பற்றிப் புத்தகங்கள் வாங்கிப் படித்தேன். நீச்சலைப் பற்றி ஒன்றும் படிக்கவில்லை. கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீப்ஸில் பிறந்தவனுக்குத் தண்ணீர் என்றால் தெருக்குழாய். அதில் யாரும் மூழ்கியதில்லை. சண்டையில் குடம் நசுங்கியதோடு சரி.

படகை வாடகைக்கு எடுத்து நாமே ஓட்டலாம், லைசென்ஸ் வேண்டாம் என்றாள். என்னைப் பார்க்காமல் போட்ட சட்டமாக இருக்க வேண்டும். அவள் அங்கேயே வேலை பார்ப்பவள், அதனால் ஸ்டியரிங் அவள் கையில். படகைக் கரையோடு பிடித்துக்கொள்ளும் கயிறு என் கையில். அண்ணி மேல்தளத்தில் முறுக்கு டப்பாவோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலி காலி. அண்ணன் கரையில் நடந்து வந்துகொண்டிருந்தார்.

காரணம் இருந்தது. கால்வாய் கடலை நோக்கிப் படிப்படியாக இறங்குகிறது. ஒவ்வொரு படிக்கும் ஒரு கல்தொட்டி. படகு உள்ளே போனதும் கதவை மூடித் தண்ணீரை வடிப்பார்கள். படகு கீழே போகப்போக, பாசி படிந்த ஈரச்சுவர் இரண்டு பக்கமும் உயரும். முதல் தொட்டியைப் பார்த்ததுமே அண்ணன் கரைக்குத் தாவிவிட்டார்.

"இன்னாடா இது, ஷாப்ட்டு மாதிரி கீது. நீங்க போங்க. நா அந்தாண்ட வந்து ஏறிக்கிறேன்."

தங்கச் சுரங்கத்தை மூடும்வரை கேஜ் என்ற இரும்புக் கூண்டில் ஏறி, ஷாப்ட் வழியாக ஆழத்துக்குப் போய்வந்தவர் அவர். கடைசிக் காலத்தில் ஒருநாள் உள்ளே பாறை வெடித்ததில் பக்கத்தில் நின்றவர் போய்விட்டார். அதற்குமேல் அவரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. சுரங்கம் மூடியபிறகு பெங்களூரில் லிஃப்டில்கூட அவர் கால் வைத்ததில்லை.

அவர் சுரங்கத்தில் சேர்ந்த புதிதில்தான் நான் விசில் அடிக்கப் பழகினேன். சுரங்கத்துக்குள் விசில் அடிக்கக் கூடாது. அடித்தால் பாறைக்குக் கோபம் வரும் என்பார்கள். எங்கள் வீட்டில் அந்தச் சட்டம் தரைக்கு மேலும் நீண்டது. அண்ணன் ஷிப்ட் முடிந்து வரும்வரை யாரும் விசில் அடிக்கக் கூடாது. ஷிப்ட் முடியும் சங்கு ஊதி, ஈர மண் வாசனையோடு அவர் வாசலில் வந்து நின்றபிறகுதான் என் கச்சேரி. பிறகு அண்ணி வந்தார், சீரோடு ஒரு குக்கரும் வந்தது. அது முதல் விசில் அடித்தபோது அம்மா அரண்டுபோய் ஈரத்துணியைப் போட்டு மூடினார். நாலு நாளில் குக்கருக்கு விலக்கு கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை.

கடைசித் தொட்டிக்கு வந்தோம். இருந்ததிலேயே ஆழமானது அதுதான்.

"அப்பா, இதுக்கப்புறம் படகு ஒதுங்கக் கரை கிடையாது," என்றாள் மகள். "இங்கயே ஏறணும். இல்லன்னா பஸ்லதான் கடலுக்கு வரணும்."

"பஸ்லயே வரேன்."

அண்ணி முறுக்கு டப்பாவை மூடினார். "அத்தினி வருசம் நீங்க கீழ போவீங்க, நா மேல ஒக்காந்து சங்கு ஊதுமான்னு கேட்டுக்கினு இருப்பேன். ஒரேயொரு தபா கூட வரக் கூடாதா?"

அண்ணன் கரையோர மரத்தடியில் போய் நின்றுகொண்டார். கதவு மூடியது. தண்ணீர் வடியத் தொடங்கியது. சுவர் உயர்ந்தது, குளிர்ந்தது. இதைப் பற்றி நான் படித்த எந்தப் புத்தகமும் இந்த வாசனையைச் சொல்லவில்லை. அது அண்ணனின் ஷிப்ட் சட்டை வாசனை. கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொண்டே, பயத்தில், என்னை அறியாமல் விசில் அடித்தேன்.

"டேய்! வாய மூட்றா! அறிவு கீதா ஒனக்கு?"

மேலே அண்ணன் தலை. அடுத்த நொடி சுவரில் பதித்திருந்த இரும்பு ஏணியில் அவர் கால். தொட்டிக் காவலர் பிரெஞ்சில் கத்தினார். அண்ணன் தமிழில் கத்திக்கொண்டே இறங்கினார். "கூட ரெண்டு பொம்பளைங்க கீறாங்க, விசில் அடிக்கிறான் பாரு! உன்ன நம்பி எவன் கீழ அனுப்புவான்?" படகுக்குள் குதித்து, என் வாயில் ஒரு கையை வைத்து, இன்னொரு கையால் கயிற்றைப் பிடுங்கிக்கொண்டார்.

திட்டி முடித்தபிறகுதான் தாம் எங்கே நிற்கிறோம் என்று பார்த்தார். அண்ணி எழுந்து வந்து அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். சுவரில் தண்ணீர் சொட்டியது.

அப்போது முன்கதவு திறந்தது. வெளிச்சம் நேராக முகத்தில் அடித்தது.

"இன்னாடா," என்றார் அண்ணன் மெதுவாக. "கீழ போனா அப்பிடியே வெளிய வந்துடலாமா?"

அன்று சாயங்காலம் கடலோரம் வந்து சேர்ந்தோம். கரையில் வெள்ளையாக உப்புக் குவியல்கள். "தோ பாரு, நம்ம சைனைட் மேடு," என்று அண்ணன் அண்ணிக்குக் காட்டினார். ஊரில் தங்கம் பிரித்தெடுத்த கழிவுமண்ணும் இப்படித்தான் மலைமலையாகக் குவிந்து கிடக்கும். இப்போது இரண்டாவது நாற்காலியில் அவர் இருந்தார். முறுக்கு டப்பா அவர் மடிக்கு மாறியிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் திரும்பினார். "ம், இப்ப அடி."

உதட்டைக் குவித்தேன். உப்புக்காற்றில் உதடு காய்ந்திருந்தது. வெறும் காற்றுதான் வந்தது.

"குக்கரே தேவல," என்றார் அண்ணி.