திருச்சானூர் சத்திரத்தில் பதினோரு ராணிகள்

கொலுவுக்கு முதல் நாள் யாராவது ஊர் விட்டு ஊர் போவார்களா? நான் போனேன். எங்கள் வீட்டு மரப்பாச்சி ராஜாவுக்கு ராணி இல்லை. கோடை விடுமுறையில் திருப்பதியில் மொட்டை போட்டுக்கொண்டு, திருச்சானூர் சத்திரத்தில் தங்கினோம். கிளம்பும் அவசரத்தில், விளையாட எடுத்துப்போன ராணி அங்கே ஜன்னலிலேயே நின்றுவிட்டாள். ஜோடியில் ஒன்றை மட்டும் படியில் வைப்பது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை.

"ராணி வரலன்னா இந்த வருசம் கொலுவே வேணாம் நைனா" என்றாள் மகள் சரோஜா. பத்து வயது. சொன்னால் சொன்னதுதான்.

அவளுக்குப் பொம்மையை விட அதன் உடுப்புதான் முக்கியம். மெட்ராஸிலிருந்து வருகிறவர்கள் புதுசாக எதைக் கட்டிக்கொண்டு திருத்தணி மலை ஏறினாலும், அடுத்த வாரம் அது எங்கள் ராணி மேல் இருக்கும். தையல் கடை வெட்டுத்துணிதான் சரக்கு. இப்போதும் ஒரு துண்டு நைலான் புடவையும் ஜாக்கெட்டும் என் பையில் வைத்தாள். "இத கட்டி இட்டுக்கினு வா. பழசோட பஸ்ஸுல வந்தா அவளுக்கு அசிங்கம்." எட்டாவது வரை படித்து சைக்கிள் கடை வைத்திருப்பவன் நான். ட்யூபுக்குப் பட்டி ஒட்டுவேன். புடவை கட்டிவிட்டதில்லை.

திருத்தணியில் காலை ஆறரைக்கு பஸ். நாற்பது மைல் சொச்சம், இரண்டரை மணி நேரம், ஒண்ணேகால் ரூபாய். எனக்கு உட்கார்ந்து வரத் தெரியாது. நகரியில் இறங்கி நின்றேன், புத்தூரிலும் இறங்கி "எப்ப எடுப்பாங்க?" என்றேன். எங்கள் ஊர் ஆந்திராவை விட்டு சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது இந்த வருஷம்தான். அது கண்டக்டருக்கு இன்னும் ஆறவில்லை.

"எங்கள வாணாம்னு போனவங்க நீங்க. இப்ப இன்னாத்துக்குப்பா இவ்ளோ அவசரமா திரும்பி வர்ற?"

"பொண்டாட்டிய இங்க விட்டுட்டுப் பூட்டோம்."

"யாரு பொண்டாட்டிய?"

"ராஜா பொண்டாட்டிய."

அதற்கப்புறம் அவர் என் பக்கமே வரவில்லை.

திருப்பதியிலிருந்து திருச்சானூர் மூன்று மைல். ஜட்காவில் ஆளுக்கு நாலணா. சத்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் நாகரத்தினம்மா விஷயம் கேட்டதும் என்னை நேராகப் பின்கட்டுக்கு அழைத்துப் போனார். வருகிறவர்கள் மறந்துவிட்டுப் போகும் மரப்பாச்சிகளை எல்லாம் அவர் எடுத்து வைக்கிறார். பண்டிகைக்காகத் துணியைக் களைந்து எண்ணெய் தடவி, ஒரு பலகையில் வரிசையாக நிறுத்தியிருந்தார். பதினோரு ராணிகள். எல்லாம் ஒரே செம்மரம், ஒரே உயரம், ஒரே முறைப்பு.

துவைத்த துணிகள் கொடியில் காய்ந்துகொண்டிருந்தன. அவர் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். "இது யுத்த காலத்து கன்ட்ரோல் துணி, அளந்துதான் குடுப்பாங்க, பாருங்க, முழம்கூட இல்ல. இது கதர், சுதந்திரம் வந்தப்போ. இந்த பஃப் கை ஜாக்கெட்டு அதுக்கப்புறம். இதோ, ஜார்ஜெட்டு."

ஜார்ஜெட் எங்களுடையது, கோடையில் சரோஜா கட்டிவிட்டது. சந்தேகமே இல்லை. "இதுக்குள்ள இருந்தவ யாரும்மா?"

"துணியப் பாத்தா எந்த வருசத்துதுன்னு சொல்லிடுவேன் அய்யா. ஆளப் பாத்துச் சொல்ல எனக்கு வராது."

எனக்கும் வராது. துணியைத் தவிர அந்த ராணியிடம் நான் எதைப் பார்த்தேன்? தப்பானவளைக் கொண்டுபோனால் சரோஜா வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவாள். மூன்று மணி பஸ்ஸை விட்டால் கொலுவும் போச்சு. அப்போதுதான் பையில் இருந்த ஜாக்கெட் ஞாபகம் வந்தது. மீசை வைத்த ஆள் நான், தரையில் சம்மணமிட்டு ஒவ்வொரு ராணிக்கும் ஜாக்கெட் போட்டுப் பார்த்தேன். ஒருத்திக்கு இறுக்கிப் பிடித்தது, ஒருத்திக்குத் தொளதொள. ஏழாவதுக்குக் கச்சிதம். பையில் போட்டுக்கொண்டு எழுந்தேவிட்டேன்.

"நில்லுங்க. கொக்கி முன்னால வருது பாருங்க."

"ஜாக்கெட்டுன்னா முன்னாலதானே வரும்?"

"அது உங்க சம்சாரத்துக்கு. இப்ப மெட்ராஸ்லருந்து வர்ற பொண்ணுங்களுக்கு எல்லாம் முதுகுல."

திருப்பிப் போட்டேன். ஏழாமவளுக்கு ஒரு தோளில் இறுக்கம், மறு தோளில் பொந்து. கையால் செதுக்கிய பொம்மைக்கு இரண்டு தோளும் சமமாகவா இருக்கும்? எங்கள் ராணிக்கு இடது தோள் இறக்கம் போல. சரோஜா அதற்கு ஏற்ற மாதிரி வெட்டியிருக்கிறாள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன். காத்திருந்த ஜட்காக்காரர் வெளியிலிருந்து கத்திக்கொண்டே இருந்தார். ஒன்பதாமவள் தோளில் அது தானாகப் போய் உட்கார்ந்தது. புடவையை நாகரத்தினம்மாதான் கட்டிவிட்டார்.

வீட்டில் சரோஜா ராணியைக் கையில் வாங்கினாள். ஜாக்கெட்டுக்கு மேல் இடது தோளைக் கட்டைவிரலால் ஒரு தடவை தடவினாள். ராஜா பக்கத்தில் நிறுத்தினாள். பிறகுதான் கேட்டாள்.

"மத்தவங்க அங்கியே கீறாங்களா?"

"பத்து பேரு."

"அவங்க போட்டுக்கினு இருக்கிறது?"

"எல்லாம் பழைய மாடல்."

வெட்டுத்துணிப் பெட்டியை இழுத்தாள்.

திருச்சானூர் போய் வந்து மரப்பாச்சியைக் காணோம் என்று உங்கள் குழந்தை வழியெல்லாம் அழுதிருந்தால், தங்கிய சத்திரத்தில் ஒரு வார்த்தை கேளுங்கள். காலை முதல் பஸ்ஸில் போங்கள். குழந்தை தைத்த துணி ஒன்று கையில் இருக்கட்டும். கொக்கி எந்தப் பக்கம் என்று வீட்டிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பத்து ராணிகளுக்கும் தோள் அளவு எடுத்து வர நான்தான் போகணுமாம். நூலும் கத்தரிக்கோலும் என் பையில் ஏறிவிட்டன.