எழுதிக்கொண்டு போன ஜெபம்

“பி.யு.சி. படிச்சா போதுமா? உங்கம்மா மாதிரி ஜெபம் பண்ண வருமா உனக்கு?” என்று எங்கள் சபையின் மாதர் ஐக்கியத் தலைவி ஆண்டி ஒருமுறை என்னிடம் கேட்டார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். சுருக்கென்று தைத்தது.

அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் பெங்களூர் ஜோகுபாளையத்தில் எங்கள் சபையார் வீட்டுப் பாரமெல்லாம் அவள் தலைக்குள் இருந்தது. அவளிடம்தான் வந்து அழுவார்கள். வியாழக்கிழமைக் கூட்டத்தில் அவள் ஒரு வீடு விடாமல் ஜெபிப்பாள். யார் வீட்டுக்காரர் மறுபடி குடிக்க ஆரம்பித்தாலும் அவள் வாயில் அது ‘அந்த வீட்டுச் சமாதானம்’ என்றுதான் வரும்.

ஒரு வியாழக்கிழமை காலையில் தண்ணீர்க் குடத்தோடு வழுக்கி விழுந்து அம்மாவின் கணுக்கால் வீங்கிவிட்டது.

“எனக்குப் பதிலா நீ போய் ஜெபம் பண்ணிட்டு வா கண்ணு. சொல்றேன், மனசுல வெச்சுக்கோ.”

“மனசுல எதுக்கும்மா? எழுதிக்கிறேன்.”

அவள் சொல்லச் சொல்ல, எண் போட்டு, அழகான கையெழுத்தில் ஒரு பக்கம் எழுதினேன்.

கூட்டத்தில் பதினைந்து பெண்கள் முழங்காலில் இருந்தார்கள். தலைவி ஆண்டி யாரோடும் பேசாமல் முந்தானையால் வாயை மூடியிருந்தார். பயபக்தி என்று நினைத்துக்கொண்டேன். எல்லோரும் கண்ணை மூடியதும் தாளைப் பிரித்தேன். எழுதியதில் ஒன்றையும் விட்டுவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

“அன்பின் ஆண்டவரே, மூன்றாவது கிராஸ் தெரு அக்காவின் சிசேரியன் தையலை ஆற்றும். டீச்சரம்மா வீட்டு மிக்சி ஜாரை நினைத்தருளும்.”

“ஆமென்?” என்றது ஒரு குரல்.

நான் சத்தத்தைக் கூட்டினேன். “மாடி வீட்டுக்குப் போக வேண்டிய எலுமிச்சை ஊறுகாயை ஆசீர்வதியும். தலைவி ஆண்டியின் உடைந்த பல் செட்டை அல்சூர் கிளினிக்கிலிருந்து, ஒருவரும் அறியாதபடி, இன்றைக்கே கொண்டுவந்து சேர்ப்பீராக!”

ஆமென் வரவில்லை. ஓர் அக்கா தும்முவது போல ஆரம்பித்து, பாயில் சாய்ந்து சிரித்தார். அது வரிசையாகப் பரவியது. ஆண்டி முந்தானையை எடுக்காமலே எழுந்து, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

“ஒருத்தருக்கும் தெரியாமன்னு சொன்னேனே!”

“அதையும் சேர்த்துத்தாம்மா ஜெபிச்சேன்.”

“அது ஆண்டவருக்குச் சொன்னது இல்லடி, உனக்கு! ஊறுகாயும் உனக்குத்தான். குடுத்துட்டு வரச் சொன்னா ஆசீர்வாதம் பண்ணிட்டு வந்திருக்கா!”

வீங்கிய கால் குலுங்கச் சிரித்தாள். பிறகு சட்டென்று நிறுத்தினாள். “இனிமே யாரு என்னை நம்பி ஒண்ணு சொல்லுவாங்க?”

“நான் அவங்க மூஞ்சியில எப்படிம்மா முழிப்பேன்?”

“பல்லு இல்லாம அவங்க ராத்திரிக்கு என்ன சாப்பிடுவாங்க? அதை யோசி.”

கிளினிக் மூட அரை மணி நேரம்தான் இருந்தது. ஓடினேன். சிறிய டப்பாவைத் துப்பட்டாவுக்குள் மறைத்துக்கொண்டு ஆண்டி வீட்டு வாசலில் நின்று மணியை அழுத்தினேன். உள்ளே ஜன்னல் திரை விலகி, மறுபடி மூடியது. கதவு திறக்கவில்லை.

இன்னொரு முறை அழுத்தினேன்.