குழிக்கு முன் ஒரு மணியோசை

ஒலிக்கு முன்னும் ஒலிக்குள்ளும் உறையும் ஈசன் திருவடி போற்றி. இன்று தைப்பூசம். காலை வழிபாடு முடித்து உப்பளக் கரையில் நடந்தபோது, வெயிலில் சூடேறிய தார்ப்பாயின் வாசனை எழுந்தது. அன்பரே, பதிகம் நினைவுக்கு வர வேண்டிய நன்னாளில் எனக்கு வந்ததோ வீடியோ கேம். இறைவன் பொறுத்தருள்வான்.

சில ஆண்டுகளுக்கு முன், அனுமந்தை ஊர் அருளப்பனுக்கு இரு கண்களிலும் புரை முற்றியிருந்தது. நாங்கள் ஒரே உப்பளத்தில் மேற்பார்வை செய்தவர்கள். இளமையில், மழைக்கு அளம் மூடியதும் திண்டிவனத்துக் கடைக்குப் போய் டிவி கேம் ஆடியவர்கள். அறுவை சிகிச்சைக்கு அஞ்சி வீட்டோடு கிடந்தவன், பேச்சையும் குறைத்துக்கொண்டான். அவனை வெளியே இழுக்க எனக்குத் தோன்றியது அந்த ஆட்டம்தான். பழைய டிவி கேம்களைக் கணினியில் ஓட்டும் எமுலேட்டரை என் மகன் ஏற்றித் தந்துவிட்டுச் சென்னைக்குப் போனான். ஆட்டத்தில் குழி நெருங்கினால் மணி ஒலிக்கும். அதைக் கேட்டுத் தாவினால் போதும், கண் வேண்டாம் என்று சொல்லி அருளப்பனை அழைத்து வந்தேன்.

ஆனால் ஓசை திக்கியது. மணி ஒலிப்பதற்குள் ஆட்டத்து வீரன் குழிக்குள் கிடந்தான்.

"ஏம்பா, கொன்னுட்டு அப்புறமா மணியடிக்கிற? எங்க மாதாகோயில் துக்கமணி மாதிரி இருக்குது!" என்று சிரித்தவன், சில நாளில் சிரிப்பையும் விட்டான். "நாளைலேர்ந்து வரலப்பா. கண்ணுதான் போச்சு, காதும் போச்சுன்னு எதுக்கு?"

அன்று அவனைப் போகவிடாமல் அமர்த்திவிட்டு, எமுலேட்டரின் அமைப்புகளுக்குள் புகுந்தேன். ஒலியை முன்கூட்டிச் சேர்த்துவைக்கும் பஃபரைக் கூட்டினேன், திக்கல் குறைந்து தாமதம் வளர்ந்தது. குறைத்தேன், ஓசை எண்ணெயில் கடுகாய் வெடித்தது. ஒலி டிரைவர் மென்பொருளை மாற்றினேன், பயனில்லை. அதே கணினியில் பதிகப் பாட்டு மட்டும் பிசிறின்றி ஒலித்தது. ஆகவே எமுலேட்டரே குற்றவாளி என்று தீர்ப்பளித்தேன்; பதிகம் தப்பியதில் எனக்கு உள்ளூரப் பெருமிதமும்கூட.

"என்னங்க, மழை வர்றது தெரியல? வெறகு நனையுது!" என்று வந்த என் மனைவி, கணினிப் பெட்டியைச் சுற்றியிருந்த தார்ப்பாயை உருவிக்கொண்டு ஓடினாள். உப்புக் குவியலைத் தார்ப்பாயும் பனையோலையும் போட்டு மூடிக் காத்தே பழகிய கை என்னுடையது. உப்புக்காற்று புகாதிருக்கக் கணினியையும் அவ்வாறே இறுக்கி மூடியிருந்தேன். பெட்டி கொதித்தது. அந்தச் சூட்டில் தளர்ந்த கணினிக்கு ஒரு பாட்டைப் பாட வலு இருந்தது. ஓர் ஆட்டத்தையே நடத்த வலு இல்லை.

சூடு தணிந்தபின் மீண்டும் ஓட்டினோம். மணி கணீரென்றது. தலை சாய்த்திருந்த அருளப்பன் பொத்தானை அழுத்தினான்.

"டேய், தாண்டிட்டேனா? சொல்லுடா!"

"தாண்டிட்டடா!"

"தங்கச்சி, உப்ப மூடுற மாதிரி கம்ப்யூட்டர மூடி வெச்சிருக்கான் பாரும்மா! நல்லவேள, மேல பனையோல போடல!"

"உட்டா அதையும் போட்டிருப்பாருண்ணா!"

அந்த மழைக்காலம் முழுதும் கண் தெரிந்த நான் தோற்றேன், அவன் வென்றான். வென்ற துணிவில் அறுவைக்கும் சம்மதித்தான்.

இன்று அந்தக் கணினி இல்லை; திண்டிவனத்துக் கடையும் இல்லை. தெளிந்த பார்வையோடு அருளப்பன் கைப்பேசியில் அதே ஆட்டத்தை ஆடுகிறான். மணியைக் கேட்க மறந்து, திரையை உற்றுப் பார்த்துக்கொண்டே முதற்குழியில் விழுகிறான். "கண்ணத் தொறந்து உட்டாங்க, ஆட்டம் போச்சுடா!" என்று ஊர் கேட்கச் சிரிக்கிறான். மணிக்காகத் தலை சாய்த்துக் காத்திருந்த அந்த முகத்தை இனி நான் காணப்போவதில்லை; காணாதிருப்பதே பெரும்பேறு.

இதைப் படிப்போர் அனைவருக்கும் காணும் கண்ணும் கேட்கும் செவியும் உடனிருந்து நகைக்கும் நட்பும் குறைவின்றி வாய்க்க.