மூன்று கால் மான்

கோணேஸ்வரன் மாமா பக்கத்து நகரமான அஜக்ஸில் வேலை முடித்தால் நேரே வீட்டுக்கு வருவதில்லை. வோபர்னில் எங்கள் கட்டடத்துக்குப் பின்னாலுள்ள பார்க்கைக் காரில் இரண்டு தடவை சுற்றிவிட்டுத்தான் வருவார். "மான் பார்க்கப் போனவன் வந்திட்டானோ?" என்று அம்மா கேட்பார். தன் தம்பியைச் சீண்டுவது அவருக்குப் பிடிக்கும்.

மூன்று கோடைகளுக்கு முன், ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் சங்கம் அந்தப் பார்க்கில் விளையாட்டுப் போட்டி வைத்தது. ஓட்டப் பாதைக்குச் சுண்ணாம்புக் கோடு போட்டது மாமா. மிஞ்சிய சுண்ணாம்பில் பள்ளிக்கூடத்தில் தன் விளையாட்டு இல்லத்தின் சின்னமாயிருந்த மானைப் பக்கத்துச் சரிவில் பெரிதாக வரையத் தொடங்கினார். சுண்ணாம்பு போதவில்லை. பனிக்காலத்தில் வாசற்பனி உருகத் தூவ வாங்கிய உப்பு அரை மூட்டை காருக்குள் கிடந்தது. அதையும் கலந்தார். மூன்றாம் காலோடு அதுவும் தீர்ந்தது.

மழையில் வெள்ளை போய்விட்டது. ஆனால் உப்புப் பட்ட புல் கருகியது. அடுத்த வசந்தத்தில் பனி உருகியபோது, சரிவில் மண் நிறத்தில் ஒரு மிருகம் நின்றது.

மாமா அப்போதுதான் இந்த நாட்டுக் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தார். நகரசபை நிலத்தைக் கெடுத்தவன் என்று பெயர் வந்தால் விண்ணப்பம் அப்படியே கிடந்துவிடும் என்று பயந்தார். புல் விதை வாங்கிப்போய்த் தூவினார். ஒன்றும் முளைக்கவில்லை. அதற்குள் பக்கத்துக் கட்டடத்துக்குப் புதிதாகக் குடிவந்த ஸ்டெபனி, ஆட்களைச் சேர்த்து அந்த வடிவத்துக்குள் வெள்ளைக் கல் நிரப்பத் தொடங்கியிருந்தார்.

ஸ்டெபனி இங்கிலாந்தில் பிறந்தவர். அங்கே சுண்ணாம்புக் குன்றுகளில் புல்லை வெட்டியெடுத்து வரைந்த குதிரைகளும் மனிதர்களும் இருக்கின்றனவாம். ஒரு குதிரைக்கு வயது மூவாயிரமாம். யார் வரைந்தார்கள், எதற்காக என்று ஒருவருக்கும் தெரியாது. ஊரவர்கள் களை பிடுங்கிப் புதுச் சுண்ணாம்பு இடித்து நிரப்பாவிட்டால் புல் மூடிவிடும். எங்கள் மிருகமும் அப்படிப் பழையது என்று நம்பிய அவர், அதற்கு மூன்று கால் இருப்பதற்கும் ஒரு பெரிய விளக்கம் வைத்திருந்தார்.

இந்த மே மாதம் மாமாவுக்குக் குடியுரிமைச் சத்தியப்பிரமாணம் செய்ய வரச்சொல்லிக் கடிதம் வந்தது. சந்தோசப்படுவார் என்று பார்த்தால் சாப்பாடே இறங்கவில்லை. இதை மறைத்துக்கொண்டு போய்க் கை உயர்த்த மாட்டேன் என்றார். சனிக்கிழமை ஸ்டெபனி ஆட்களோடு சரிவில் வேலை செய்கையில், மொழிபெயர்க்க மாமா என்னையும் அங்கே கூட்டிக்கொண்டு போனார்.

"நான்தான் போட்டது எண்டு சொல்லு பிள்ளை. உப்பையும் சொல்லு."

சொன்னேன். ஸ்டெபனி சிரித்தார். இப்படிச் சொல்லி வந்தவர்களில் இவர் நாலாவது ஆளாம். இருபது வருடத்துக்கு முன்பே இதைப் பார்த்ததாக ஏழாம் மாடியில் ஒருவர் சொன்னாராம்.

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். "வடிவாச் சொன்னனியோ?"

"சொன்னனான் மாமா. அவ நம்புறா இல்லை."

அவர் பக்கத்தில் கிடந்த மண்வெட்டியை எடுத்தார். வயிற்றுக்குக் கீழே, நாலாம் கால் வரவேண்டிய இடத்தில், புல்லை வெட்டத் தொடங்கினார். ஸ்டெபனி ஓடிவந்து மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டார். பழைய சின்னத்தைச் சேதப்படுத்தினால் நகரசபைக்கு அறிவிக்க வேண்டிவரும் என்றார். இதை நான் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை.

மாமா மண்வெட்டியை விட்டார். வெட்டிய புற்கட்டியைத் திரும்ப வைத்து, காலால் மெல்ல மிதித்தார். பிறகு ஒரு வாளி கல்லை எடுத்துப்போய் மூன்றாம் காலுக்குள் கொட்டிப் பரப்பினார்.

காரில் ஏறியதும் கேட்டார்: "சத்தியம் செய்யேக்கை உந்த மானைப் பற்றிக் கேப்பினமோ?"

"கேக்கமாட்டினம் மாமா."

"கேட்டால் சொல்லிப்போடலாம்."

வீட்டுக்குத் திரும்ப வேண்டிய சந்தியில் அவர் திரும்பவில்லை. பார்க்கை இன்னொரு தடவை சுற்றினார்.